முதுகுப் பக்கம் அருவி

எங்கள் வீட்டு முதல் பட்டச் சான்றிதழை நகலெடுக்கத் தென்காசி பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போன அன்றுதான் வள்ளித்தாயை முதலில் பார்த்தேன். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சமீனாவிடம் ஒரு தாளை நீட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி விடாம தமிழ்ல சொல்லு பிள்ள" என்றாள்.

அது அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம்.

வள்ளித்தாய் அச்சன்புதூர்க்காரி. ஆறு சீசனாகக் குற்றாலத்தில், பெண்கள் குளிக்கும் பக்கம் ஒப்பந்தக் காவலாளி. ஆண்கள் பக்கத்துக் காவலர்கள் அருவியைப் பார்த்து நிற்பார்கள். பெண்கள் பக்கம் அது நடக்காது. எதிரே எவன் செல்போனைத் தூக்குகிறான் என்று பார்த்தபடியே இருக்க வேண்டும். அதனால் அவள் அருவிக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பாள். தண்ணீருக்குக் காதை விட்டுவைத்திருப்பாள். மலையில் மழை வலுத்தால் சத்தம் கனக்கும். தண்ணீர் நிறம் மாறும் முன்பே விசில் ஊதிவிடுவாள்.

ஆடியில் ஒருநாள் அப்படித்தான் ஊதினாள். எல்லோரும் வெளியேறினார்கள். ஓடியதில் வெளியூர்ப் பெண் ஒருத்தி வழுக்கி விழுந்து கை முறிந்தது. காவலாளி வேடிக்கை பார்த்து நின்றுவிட்டு நேரம் கழித்து ஊதினாள் என்று அந்தப் பெண் புகார் அனுப்பினாள். அவளை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில். வாக்குமூலம் ஆங்கிலத்தில் வேண்டுமாம். சூப்பர்வைசர் மகாதேவன் தானே எழுதி, "போடு கையெழுத்தை" என்றார். போட்டாள். இப்போது வேலையை விட்டு நீக்கும் கடிதம் வந்திருந்தது. மறுப்புச் சொல்ல மறுநாள் கடைசி நாள்.

சமீனா வாசித்தாள். "வெள்ளம் வரும்போது தண்ணியை வாட்ச் பண்ணிக்கிட்டு இருந்தேன்னு இருக்குக்கா."

"வாட்ச்சுன்னா?"

"கண்ணெடுக்காம பாக்கது. டிவி பாப்பம்லா, அது மாதிரி."

வள்ளித்தாயின் முகம் கறுத்தது. "டிவியா? பொம்பளை பக்கம் அந்தாளு என்னிக்காவது வந்து நின்னுருக்காரா? எங்கன பாத்து நிக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டாரா?" பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். "போட்டவளச் சொல்லணும்."

சமீனா மறுப்பைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். "நோட்டீஸ் பண்ணேன்னு போடட்டா? கவனிச்சேன்னு வரும். தற்செயலாக்கூட இருக்கலாம்."

"ஆறு வருசமா தற்செயலாவா நிக்கேன்?"

"அப்ப ஹியர்டு. சத்தம் காதுல விழுந்துது."

"காதுல விழுகதுக்கு என்ன? அங்கன குளிச்ச அத்தனை பேருக்குந்தான் விழுந்துது. நான் ஊதுமுன்ன ஒருத்தி வெளிய வந்தாளா? நான் காதை அங்கனயே வச்சிருந்தேன் பிள்ள. அதுக்கு அவனுக இங்கிலீஷ்ல வார்த்தை இருக்கா, இல்லையா?"

"இருக்குக்கா. லிசனிங். மேசையத் தட்டாதீக, மானிட்டர் ஆடுது."

"அதைப் போடு. வாட்ச்சுங்கிறத செல்போன்காரனுக்குப் போடு. தண்ணிக்கு இதைப் போடு."

கடிதம் சூப்பர்வைசர் வழியாகத்தான் போக வேண்டும். மகாதேவன் படித்துவிட்டுச் சிரித்தார். "இங்கிலீஷ் டீச்சர் ஆயிட்டியோ? ரெண்டும் ஒண்ணுதான்ட்டி."

"ஒண்ணுன்னா இதையே அனுப்புங்க அண்ணாச்சி. உங்களுக்கு என்ன நட்டம்?"

மகாதேவன் அதையே மெயிலில் அனுப்பினார். வள்ளித்தாய் கிளம்பவில்லை. அனுப்பியதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

கம்பெனி நீக்கத்தை ரத்து செய்தது. விசாரிக்காமல் வாக்குமூலம் எழுதிய மகாதேவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தக் காவலாளியை எங்கே நிறுத்துவது என்பது இன்றும் அவர் கையில்தான். மறுவாரமே அவர் அவளைப் பெண்கள் பக்கத்திலிருந்து மாற்றிவிட்டார். பழைய இடம் கேட்டு வள்ளித்தாய் மூன்று முறை தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டாள். பதில் இல்லை. இப்போது அவள் குற்றாலத்தில் கார் நிறுத்துமிடத்தில் வேலை பார்க்கிறாள்.