மெரில் டோரின் மாலை வெளிச்சம்

ஆலையின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் மெரில் டோர் வலது கையை முகத்துக்கு நேரே நீட்டுகிறார். உள்ளங்கை தன் பக்கம், விரல்கள் படுக்கையாக. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சூரியனின் அடிவிளிம்புக்கும் வளைகுடாவுக்கு அப்பாலுள்ள மரங்களின் உச்சிக்கும் நடுவே எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்க்கிறார். ஒரு விரலுக்குக் கால் மணி நேரம். நான்கு விரல் என்றால் ஒரு மணி நேர வெளிச்சம் மிச்சம். மணிக்கட்டில் கடிகாரம் இருக்கத்தான் இருக்கிறது. "அது முதலாளியோட நேரம்" என்பார். இருபத்தாறு வருடங்களாக இப்படித்தான்.

"என்னப்பா மெரில், இன்னைக்கு எத்தனை?" என்று பின்னால் வருகிறவர்கள் கேட்பார்கள்.

"மூணு விரல். கூட ஒரு நகம்."

"நகத்தைக்கூட விட மாட்டியா நீ?"

"நகம்னா அஞ்சு நிமிஷம்ப்பா. உனக்கு வேண்டாம்னா எனக்குக் குடு."

ஹார்க்னஸ் கோவ் என்ற அந்தக் கடற்கரை ஊரில் சிங்கி இறால் பதப்படுத்தும் ஆலை அது ஒன்றுதான். அதற்கு ஜன்னல் கிடையாது. உள்ளே எப்போதும் ஒரே வெள்ளை விளக்கு, ஒரே குளிர், வெந்த ஓட்டின் வாசனை. மெரில் உறைபெட்டி அறையில் பெட்டி அடுக்குபவர். வயது ஐம்பத்தெட்டு. கையுறைக்குள்ளும் விறைத்துப்போய் இடது சுண்டுவிரல் மட்டும் மடங்காது. காலை ஆறரைக்கு உள்ளே போனால் பிற்பகல் மூன்றரைக்கு வெளியே. மார்ச்சில் கோடை நேரம் என்று முன்னால் தள்ளிய கடிகாரத்தை, நவம்பர் முதல் ஞாயிறு ஊரே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும். மறுநாள் திங்கட்கிழமை அவர் நீட்டும் கையில் மூன்று விரல்தான் தேறும். அந்த மாதம் முடிவதற்குள் அது ஒன்றரையாகிவிடும். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதுவும் போய்விடும்.

சமையலறைக் கடிகாரத்தை மனைவி அர்லீன் திருத்திவிடுவார். லாரியிலுள்ள கடிகாரத்தைத் தொட மெரில் விடுவதில்லை. குளிர்காலம் முழுக்க அதில் கோடை நேரமே ஓடும். ஒருமுறை அதை நம்பி, மாமா லெவியின் இறுதிச் சடங்குக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே தேவாலயத்துக்குப் போய்விட்டார். உள்ளே அவரும் சவப்பெட்டியும் மட்டும். "நல்லாத்தான் இருந்துச்சு. உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன் என்னை இவ்வளவு நேரம் பேச விட்டதே இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகும் அவர் கடிகாரத்தைத் திருத்தவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் அர்லீனுக்காக. மனைவியின் கண்ணில் ஓரத்திலிருந்து உள்நோக்கி இருட்டு நகர்ந்துகொண்டிருந்தது. முப்பது வயதில் தொடங்கிய நோய். நல்ல வெளிச்சத்தில் நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டளவு தெரியும்; அந்தி சாய்ந்தால் அதுவும் போய்விடும். கடையோ தேவாலயமோ, கட்டிடத்துக்குள் எப்போதும் மெரிலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். வெயிலில் மட்டும் அர்லீன் யார் கையையும் தொடமாட்டார். வீட்டிலிருந்து அலைத்தடுப்புச் சுவர் வரை போய்த் திரும்ப நாற்பது நிமிடம். அர்லீன் மூன்றடி முன்னால், மெரில் பின்னால்.

"நீ பின்னாலயே வா. முன்னால போனா உன் முதுகுதான் தெரியும். அதை முப்பது வருஷமா பாத்தாச்சு" என்பார் அர்லீன். துறையில் நிற்கும் படகுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். யாருடையது புதிதாகப் பச்சையடித்திருக்கிறது, யாருடையது இன்னும் கரையேறவில்லை. மெரில் எல்லாவற்றுக்கும் "ஆமா" போடுவார். சில சமயம் அர்லீனின் தட்டளவுப் பார்வைக்குள் அடங்காமல் போன படகை மெரிலும் கண்டுகொள்ளாததுபோல் விட்டுவிடுவார். அந்த நாற்பது நிமிடத்துக்காகத்தான் மற்ற இருபத்து மூன்று மணி நேரத்தையும் அவர் பொறுத்துக்கொண்டார் என்று சொன்னால் மிகையில்லை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வாரநாட்களில் அது இல்லை. வேலை விட்டு வரும்போது அர்லீன் விளக்கடியில் உட்கார்ந்திருப்பார். பாதி பின்னிய கம்பளி மடியில் கிடக்கும். அவர் அதைப் பின்னிக்கொண்டிருக்க மாட்டார்.

ஊரில் மெரிலுக்கு நேரெதிர்க் கட்சி பெவர்லி ஸ்ப்ரௌல். முப்பத்தோரு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்மணி. குளிர்காலத்திலும் கோடை நேரமே இருக்கட்டும் என்பது மெரிலின் வாதம்; இருந்தால் சாயங்கால வெளிச்சம் ஒரு மணி நேரம் கூடும். ஆனால் டிசம்பரில் சூரியன் எட்டு மணிக்குத்தான் எழும். பெவர்லியின் பேருந்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் கும்மிருட்டில் சாலையோரம் நிற்க வேண்டும். ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு விடியாத காலையில், கறுப்புக் கோட்டுப் போட்ட சிறுமி ஒருத்தி பேருந்துக்கு நாலடி முன்னால் திடீரென்று முளைத்தாள். பெவர்லி கண்ணுக்கு முதலில் பட்டது அவள் பல்தான். பிரேக்கை மிதித்தார், ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வெளிச்சம் பட்டால் மின்னும் நாடாவைச் சுருள் சுருளாக வாங்கி, பிள்ளைகளின் கோட்டில் தன் கையாலேயே தைத்துக்கொடுக்கிறார்.

கடையில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருவரும் மோதிக்கொள்வதை ஊர் பலமுறை கேட்டிருக்கிறது.

"வாடா சூரியனைத் தூக்கிச் சுமக்கிறவனே."

"உனக்கென்ன பெவ், ஒன்பது மணிக்கே வண்டியை நிறுத்திட்டு வெயில்ல காலை நீட்டிப்ப."

"அந்த ஒன்பது மணிக்கு முன்னாடி எனக்கு எத்தனை தடவை உயிர் போய் உயிர் வருதுன்னு ஒருநாள் முன் சீட்ல உக்காந்து பாரு. இது ஒரே போர்வை, மெரில். நீ உன் பொண்டாட்டி பக்கம் இழுத்தா என் பிள்ளைங்க கால் வெளிய வருது."

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், இரண்டு பேர் சொல்வதையும் கேட்ட பிறகு வாய் திறக்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வெளிச்சம் கூடவுமில்லை, குறையவுமில்லை. யார் வாசலில் விழுவது என்பதுதான் வழக்கு.

போன வருடம் மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அந்த வழக்கு முப்பத்துநாலாவது தீர்மானமாக வந்தது. ஆண்டு முழுக்கக் கோடை நேரமே இருக்கட்டும் என்று மாநிலச் சட்டமன்றத்தைக் கேட்டுக்கொள்வது. கேட்டுக்கொள்ளத்தான் முடியும், கடிகாரம் ஊர்க்கூட்டத்தின் கையில் இல்லை. பள்ளி விளையாட்டுக்கூடத்தில் மடக்கு நாற்காலிகள், பின்னால் மதியச் சாப்பாட்டுக்கான பீன்ஸ் கொதிக்கும் வாசனை. பேச வருகிறவருக்கு மூன்று நிமிடம். அது முடிந்தால் தலைவர் ஹாலிஸ் கிரேவ்ஸ் மேசைமணியைத் தட்டுவார். வரிசையில் நிற்கிற இன்னொருவர் விரும்பினால் தன் மூன்று நிமிடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். கொடுத்தவர் அந்தத் தீர்மானத்தில் பிறகு பேச முடியாது. வெகுகாலமாக உள்ள வழக்கம்.

மெரில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். மின்சாரச் செலவு, கடிகாரம் மாறும் வாரத்தில் கூடும் மாரடைப்பு, பக்கத்து நாட்டு மாகாணங்கள் செய்தது என்று நூலகத்தில் தேடித் தேடிச் சேர்த்ததெல்லாம் அதில் இருந்தது. படித்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மூன்றாவது பக்கம் புரளும்போதே மணி அடித்துவிட்டது. அர்லீன் நான்காவது பக்கத்தில் இருந்தார். மெரில் ஒலிவாங்கியை விட்டு நகராமல், வாயைத் திறந்தபடி நின்றார்.

அடுத்து நின்றவர் பெவர்லி. ஊரில் பாதிப் பேர் அவர் பேச்சுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

"என் மூணு நிமிஷத்தை இவனுக்குக் குடுக்கறேன்" என்றார் பெவர்லி. "காகிதத்தைக் கீழ வைடா. அவளைப் பத்திச் சொல்லு."

மெரில் காகிதத்தைக் கீழே வைத்தார். தன் மனைவி வெயிலில் மூன்றடி முன்னால் நடப்பதைப் பற்றிச் சொன்னார். இரண்டு நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. கை தூக்கி எண்ணியதில் அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு என்று தீர்மானம் நிறைவேறியது. இருட்டில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

பீன்ஸ் தட்டோடு பெவர்லியைத் தேடிப் போனார் மெரில். "பெவ், உனக்கு நான் மூணு நிமிஷம் பாக்கி."

"தெரியும். அடுத்த வருஷம் வாங்கிக்கறேன். வட்டி வேண்டாம்."

தலைநகருக்குப் போன தீர்மானம் அங்கே ஏதோ ஒரு குழுவில் செத்துப்போனது. நவம்பரில் ஊர் வழக்கம்போல் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியது.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு நண்பகல். பனியில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்தது. படியிறங்கிய அர்லீன் நின்று, தன் கையை மெரிலின் முழங்கைக்குள் நுழைத்துக்கொண்டார்.

"வழுக்கும்" என்றார்.

பனி உருகப் போட்ட உப்பில் பாதை தார் தெரியக் காய்ந்து கிடந்தது. மெரில் "ஆமா" என்றார். அலைத்தடுப்புச் சுவர் வரை அர்லீன் ஒரு படகின் பெயரையும் சொல்லவில்லை.

பாங்கர் நகரத்துக் கண் மருத்துவர் பிப்ரவரியில் அதை உறுதி செய்தார். திரும்பும் வழியில் லாரிக்குள் அர்லீன்தான் முதலில் பேசினார். "இனி எனக்கு வெயிலும் இருட்டும் ஒண்ணு. ஊர்ல சொல்லிடாதே. சொன்னா மறுநாளே ஆளாளுக்கு மக்ரோனித் தட்டைத் தூக்கிட்டுத் துக்கம் விசாரிக்க வாசல்ல வந்து நிப்பாங்க. ஒரு வருஷமாவது என்னைப் பழைய அர்லீனா இருக்க விடு."

அதிலிருந்து இருவரும் இருட்டிய பிறகுதான் நடைக்குப் போகிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு போவதை யாரும் பார்க்க மாட்டார்கள். மார்ச்சில் கடிகாரம் முன்னால் போனது. இப்போது ஏழு மணி வரை வெளிச்சம். வேலை விட்டு வந்த மெரிலும் அர்லீனும் கோட்டு, தொப்பியோடு சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, இருட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

"போச்சா?" என்பார் அர்லீன்.

"இன்னும் இல்ல."

ஆலை வாசலில் அவர் கை நீட்டுவது மட்டும் நிற்கவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள்.

இந்த மார்ச் கூட்டத்துக்குப் பெவர்லி கையெழுத்து வாங்கி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: போன வருடத்து வேண்டுகோளை ஊர் திரும்பப் பெற வேண்டும். அன்று காலை கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அர்லீன் கேட்டார்: "நீ பேசுவதானே?"

"என்னத்தைப் பேசறது?"

"போன வருஷம் பேசினதையே பேசு. பேசாம விட்டா பெவர்லிக்குப் புரிஞ்சுடும். அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது."

"அவளுக்கு நான் ஒண்ணு பாக்கி வச்சிருக்கேன், அர்லீன்."

"எனக்கு இல்லையா?"

பெவர்லி தன் வழித்தடப் பட்டியலைக் கொண்டு வந்திருந்தார். பத்தொன்பது நிறுத்தங்கள். எந்த இடம், எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள், அந்த நேரத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது. நிதானமாக வாசித்தார். "பழைய ரயில் சாலை. ஆறு நாப்பது. மூணு பேர். தெருவிளக்கு இல்ல. டோபின் குறுக்குச் சாலை. ஆறு அம்பது. ஒரே ஒரு குழந்தை, தனியா." எட்டாவது நிறுத்தத்தில் மணி அடித்தது.

பெவர்லி பட்டியலை மடிக்கவில்லை. திரும்பி மெரிலைப் பார்த்தார். பேசுவோர் வரிசையில் அடுத்த பெயர் அவருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். பாக்கியைப் பற்றியும் எல்லோருக்கும் தெரியும்.

"மெரில் டோர்" என்றார் ஹாலிஸ் கிரேவ்ஸ். "பேசறியா, இல்ல உன் நேரத்தை விட்டுக்குடுக்கறியா?"

மெரில் எழுந்திருக்கவில்லை. அவர் முழங்கைக்குள் அர்லீனின் விரல்கள் இறுகின. போன வருடம் சொன்னதை இன்னொரு முறை சொல்ல அவருக்கு நா எழவில்லை. பெவர்லிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தலையை ஆட்டினாலே போதும். ஆனால் வெறும் பாக்கிக்காக அவர் அர்லீனின் வெளிச்சத்தை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அறிந்த பெவர்லிக்கு, அந்த ஒரு தலையசைப்பில் எல்லாம் விளங்கிவிடும். பீன்ஸ் பரிமாறி முடிவதற்குள் ஊருக்கும் தெரிந்துவிடும்.

"மெரில்?" என்றார் ஹாலிஸ் மறுபடி.

ஒலிவாங்கியின் முன் பெவர்லி இன்னும் நின்றுகொண்டிருந்தார். வாசிக்காத பதினோரு நிறுத்தங்கள் அவர் கையில் இருந்தன. மெரில் நாற்காலியில் குனிந்தார். அர்லீனின் காலணிக் கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. அதை அவிழ்த்து, தலையை நிமிர்த்தாமல், மெதுவாகக் கட்டத் தொடங்கினார்.