எங்கள் கரைக்குப் பொருந்தாத பக்கம்

1. பட்டியல்

பள்ளி நூலகத்துக்குப் புதுப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஹெச்.எம். டீச்சர் என்னிடம் கொடுத்த அன்று எனக்கு மகிழ்ச்சியைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. இரணியலுக்கும் குளச்சலுக்கும் இடையில் இருக்கிற தொடக்கப் பள்ளி எங்களுடையது. வயல்காட்டுப் பிள்ளைகளும் கடற்கரைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். நூலகத்துக்கென்று தனி அறை கிடையாது. மூன்றாம் வகுப்பில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி, அவ்வளவுதான். அந்த வகுப்பின் டீச்சர் நான் என்பதால் அலமாரியும் என்னோடு ஒட்டிக்கொண்டது.

பழைய மாணவர்கள் சேர்ந்து புத்தகம் வாங்க உதவி செய்திருந்தார்கள். ஹெச்.எம். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "கதைப் புக்கு பாதி இருக்கட்டு. உள்ள காரியம் சொல்லுற புக்கு பாதி இருக்கணும். எல்லாத்துலயும் யானையும் முயலும் பேசிக்கிட்டே இருந்தா பிள்ளைகளுக்குச் சலிச்சிரும்."

கோடை விடுமுறையில் நாகர்கோவிலில் ஒரு புத்தகக் கடையின் தரையில் உட்கார்ந்து நான்கு நாள் பார்த்தேன். என் மகள் இனியா யு.கே.ஜி. போகிறவள். வீட்டில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். படத்தைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரியுமா, ஒரு பக்கத்தில் எத்தனை வரி, வாய்விட்டு வாசித்தால் மூச்சு முட்டுகிறதா, நடுவில் பின் அடித்ததா நூல் போட்டுத் தைத்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பூச்சிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில் சிலந்தியின் கால்களை எண்ணினேன். ஆறுதான் இருந்தது. அந்தப் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். காணாமல் போன நாய்க்குட்டிக் கதையைக் கேட்டு இனியா அழுதாள். அதையும் திருப்பி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, அப்படித் திருப்பி வைத்திருக்கக் கூடாதோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் ஹெச்.எம். டீச்சர் போனில் கேட்டார். "மக்கா, பட்டியல் முடிஞ்சா?"

"ஒரு பத்து புக்குல மட்டும் சந்தேகம் இருக்கு டீச்சர். ஒரு நாய்க்குட்டிக் கதையக் கேட்டு இனியா அழுதுட்டா."

"நீ சந்தேகம் தீந்து வாங்கதுக்குள்ள இந்தப் பிள்ளையெல்லாம் அஞ்சாங் கிளாஸ் தாண்டிப் போயிரும். அந்த நாய்க்குட்டிப் புக்கையும் எடுத்துக்கோ. கொஞ்சம் கரஞ்சா ஒண்ணும் ஆயிராது."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற டீச்சர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயந்து பயந்து பார்ப்பதில் தவறில்லை. எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்தோமா என்பதுதான் விஷயம். நான் சிலந்தியின் காலைச் சரியாகப் பார்த்தேன். நான் தவறியது வேறோர் இடத்தில்.

2. அம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்தது

கடலைப் பற்றி ஒரு நல்ல தகவல் புத்தகம் கிடைத்தது. எழுத்து பெரியது, படங்கள் தெளிவானவை. படகு, வலை, ஐஸ் பெட்டி, மீன் ஏலம் எல்லாம் ஒவ்வொரு பக்கமாக வரும். ஒரு பக்கத்தில், படகுகளை வரிசையாகக் கட்டிப் போட்டிருக்க, ஓர் அப்பாவும் மகளும் மணலில் உட்கார்ந்து வலை சரிசெய்வதுபோல் படம். கீழே, சித்திரை பிறந்ததும் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, அது மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்று எழுதியிருந்தது.

மாதம் சரிதானா என்று சந்தேகம் வந்தது. நான் பிறந்து வளர்ந்தது கொட்டாரம். சின்னமுட்டம் துறைமுகம் அங்கிருந்து பக்கம்தான். அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ஆமா மக்களே, சித்திரை பொறந்ததும் படகெல்லாம் கட்டிப் போடுவாவ. அதுக்குப் பொறவு மீன் கண்ணால காண முடியுமா? எதுக்குக் கேக்க? உனக்க மாமியாரு மீன் வாங்கிட்டு வரச் சொன்னாவளா?"

"இல்லம்மா, ஸ்கூலுக்கு ஒரு புக்கு."

"புக்குல மீன் விலயும் போட்டிருக்கா?" என்று அம்மா சிரித்தாள்.

நான் பட்டியலில் அந்தப் புத்தகத்துக்கு நேராக இரண்டு டிக் போட்டேன். ஒன்று பிடித்ததற்கு, இன்னொன்று விசாரித்துவிட்டேன் என்பதற்கு.

3. நஸ்ரின் சொன்னது

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு வழக்கத்தை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். திங்கட்கிழமை முன்னால் வந்து, அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

நஸ்ரின் கடற்கரையிலிருந்து வருகிறவள். அவளுடைய வாப்பா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். வகுப்பில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. கேட்ட கேள்விக்கு "ஆமா", "இல்ல", அதற்கு மேல் ஒரு சொல் வராது. வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள்தான் கடல் புத்தகத்தை எடுத்தாள். அடுத்த வெள்ளியும் அதையே எடுத்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அதுதான். மூன்றாவது திங்கட்கிழமை, நான் கூப்பிடாமலே எழுந்து முன்னால் வந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"டீச்சர், இந்தப் புக்குல ஒரு எடத்துல தப்பா இருக்கு."

"எந்த எடத்துல மக்கா?"

படகு கட்டிய பக்கத்தைத் திறந்து காட்டினாள். "படகு கட்டுற மாசம் இது இல்ல. ஸ்கூல் அடச்சிருந்தப்ப எனக்க வாப்பா கடல்லதான் கெடந்தாவ. இப்பந்தான் வீட்ல இருக்காவ."

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. அதற்கு நான் சொன்ன பதில் இது:

"இல்ல நஸ்ரின், புக்குல உள்ளது சரிதான். டீச்சர் நல்லா விசாரிச்சுத்தான் வாங்கினேன். நீ மாசத்த மாத்திச் சொல்லிட்ட."

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஷைனி எழுந்தாள். ஷைனி எதற்கும் முதலில் எழுந்திருக்கிறவள். "டீச்சர், அவளுக்க வாப்பா படகுலயே போவல்ல. சும்மா கள்ளம் பறயுகா."

வகுப்பே சிரித்தது. நான் மேசையைத் தட்டி அமைதியாக இருக்கச் சொன்னேன். ஆனால் நஸ்ரின் பொய் சொல்லவில்லை என்று சொல்லவில்லை. அவள் புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் எந்தப் புத்தகமும் எடுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் அலமாரியைச் சுற்றி நிற்க, அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு இடத்திலேயே இருந்தாள். இடைவேளையில் "ஏட்டி, கள்ளப் படகு" என்று ஷைனி அவளைக் கூப்பிடுவது என் காதில் விழுந்தது. அதட்டினேன். ஆனாலும் அந்தப் பெயருக்கு வழி விட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

இனியாவுக்கு இரவு சாப்பாடு ஊட்டும்போதெல்லாம் அதே நினைப்பு. அடுத்த வருடம் இவள் ஒன்றாம் வகுப்பு போவாள். இவளுக்குத் தெரிந்த ஒன்றை இவள் சொல்லும்போது, ஒரு டீச்சர் புத்தகத்தைக் காட்டி இப்படி வாயை அடைத்தால்? மறுபடியும் பேச எத்தனை மாதம் ஆகும்?

4. வாசலில் தெரிந்தது

எங்கள் வீட்டில் மீன் வாங்குவது மாமியார். எனக்குத் தெரிந்தது குழம்பு வைப்பது மட்டும். ஜூலையில் ஒரு சனிக்கிழமை மாமியாருக்குக் கால்வலி என்பதால், வாசலுக்கு வந்த மீன்கார அக்காவிடம் நான் போனேன். சாளைக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டுத் திகைத்தேன்.

"இந்தச் சாளைக்கா?"

"படகு கட்டியாச்சுல்லா மக்கா. சின்ன வள்ளத்துல வாறதுதான் இது. ஆடிப் பாதி வர இப்பிடித்தான்."

"சித்திரையிலல்லா படகு கட்டுவாவ?"

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது கிழக்குக் கடலு. சின்னமுட்டம் பக்கம். நம்ம மேக்குக் கடலுக்கு இப்பந்தான். நீ எந்த ஊருக்காரி?"

"கொட்டாரம்."

"அதான்!" என்று அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு கடல், இரண்டு தடைக்காலம். கல்யாணமாகி ஏழு வருடமாக இந்தப் பக்கத்து மீனைத்தான் சாப்பிடுகிறேன், இது தெரியவில்லை. புத்தகம் எழுதியவர் அந்தக் கரையில் இருந்து எழுதியிருக்கிறார். நான் சரிபார்த்தது அதே கரையில் இருக்கிற அம்மாவிடம். இந்தக் கரையில் இருந்து சரியாகச் சொன்ன ஒரே ஆள் நஸ்ரின்.

திங்கட்கிழமை பிரேயர் முடிந்ததும் ஹெச்.எம். டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் புத்தகத்தை எடுத்துவிடலாம் என்றும், இந்தப் பொறுப்பை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் சொன்னேன்.

"புக்கு அங்கயே கெடக்கட்டு. பொறுப்ப வாங்க இங்க ஆளு இல்ல," என்றார். "அந்தப் பிள்ளைய என்ன செய்யப் போற?"

நேராக வகுப்புக்குப் போய், "நஸ்ரின் சொன்னதுதான் சரி, டீச்சர் சொன்னது தப்பு. நஸ்ரின், என்ன மன்னிச்சிரு" என்றேன். நஸ்ரின் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மறுபடியும் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மன்னிப்பு எனக்குத்தான் ஆறுதல் தந்தது, அவளுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று மாலை அவளுடைய உம்மாவுக்குப் போன் செய்து, வாப்பா ஒரு நாள் வகுப்புக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

5. வாப்பா வந்த நாள்

அவர் மறுவாரமே வந்தார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் தேய்த்து மடித்துக் கட்டிய சாரம். வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"டீச்சர், எனக்க பிள்ளை என்ன குத்தம் செய்தா?"

"அவ ஒண்ணும் செய்யல்ல. குத்தம் செய்தது நான்தான்," என்று நடந்ததைச் சொன்னேன். அவர் வகுப்புக்குள் மகளைத் தேடிப் பார்த்தார். பிறகு, "அதாக்கும் அவ ராத்திரி ராத்திரி, வாப்பா நீங்க படகுலதானே போறியன்னு கேட்டுக்கிட்டு இருந்தா," என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வகுப்பில் அவருக்குச் சாக்பீஸ் கொடுத்தேன். கரும்பலகையில் கன்னியாகுமரி முனையை ஒரு மூக்குபோல் வரைந்து, அந்தப் பக்கம் ஒரு படகு, இந்தப் பக்கம் ஒரு படகு போட்டார். அந்தப் படகை எப்போது கட்டுவார்கள், இந்தப் படகை எப்போது கட்டுவார்கள் என்று சொன்னார்.

ஷைனி எழுந்தாள். "அப்பம் மீனு அங்க ஒரு மாசத்துலயும் இங்க வேற மாசத்துலயும் முட்ட போடுமா?"

"அது மீனுக்கிட்டத்தான் கேக்கணும் மக்கா. எங்ககிட்ட சொல்லிட்டுப் போடுறதில்ல," என்றார். வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு மாதிரி.

"மாமா, புக்குல வேற என்ன தப்பு இருக்கு?" என்று ஷைனியே கேட்டாள். அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நீ வாசி. நான் சரியா தப்பான்னு சொல்லுகேன்."

நஸ்ரின் முன்னால் வந்தாள். முதல் பக்கத்தை வாசித்தபோது குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "காத்துல கேக்காது, சத்தமா," என்றார் வாப்பா, படகில் நின்று சொல்வதுபோல. இரண்டாவது பக்கம் கடைசி பெஞ்சுக்குக் கேட்டது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவர் "சரி" என்பார். வலைப் படத்தைப் பார்த்து, "வரஞ்சவன் நல்ல வேலக்காரன்," என்றார். படகு கட்டிய பக்கம் வந்தது. அவள் வாசித்து நிறுத்தினாள்.

"இது அவியளுக்குச் சரி. நமக்குத் தப்பு," என்றார்.

அன்றே நஸ்ரின் ஒரு சின்னத் தாளில், எங்கள் கரையில் படகு கட்டும் மாதங்களைத் தன் கையெழுத்தில் எழுதினாள். அந்தப் பக்கத்தின் கீழே ஒட்டினோம். பதிப்பகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் எங்கள் பிரதி சரியாக இருக்கிறது.

இப்போது தகவல் புத்தகம் எது வந்தாலும், அலமாரியில் வைப்பதற்கு முன் அந்தத் தொழில் தெரிந்த ஒரு பெற்றோரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். அந்த வேலை நடக்கிற இடமும் நம் பிள்ளைகள் இருக்கிற இடமும் ஒன்றுதானா என்று பார்க்கிறேன். நெல் புத்தகம் ஷைனியின் அப்பாவிடம் போய், இரண்டு ஒட்டுத்தாளோடு திரும்பி வந்தது. பிள்ளை ஒருத்தி புத்தகத்தில் தவறு என்று சொன்னால், முதலில் கேட்கிற கேள்வி, "உனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான். இவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது. கற்றுக்கொடுத்த மீன்கார அக்காவுக்கும் நஸ்ரினின் வாப்பாவுக்கும் என் நன்றி. நஸ்ரினுக்கு நான் பட்டிருக்கிற நன்றிக்கடனுக்கு என்னிடம் சரியான சொல் இல்லை.

ஆகஸ்டு முதல் வெள்ளிக்கிழமை நஸ்ரின் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு என் மேசைக்கு வந்தபோது கையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன.

"ஆளுக்கு ஒண்ணுதானே மக்கா?"

"வாப்பா நேத்து கடலுக்குப் போயாச்சு, டீச்சர். வருகதுக்குப் பத்து நாளு ஆவும். அதுவர வாசிக்க ஒண்ணு போதாது."

ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே என்று வழக்கம்போல் யோசித்தேன். யோசித்துக்கொண்டே அவள் பெயருக்கு நேராக இரண்டையும் எழுதினேன்.