விழுங்கிய சொல்

பேசிக்கொண்டேதான் பிசிர் வெட்டுவார். சட்டையைக் கண் பார்ப்பதில்லை, விரல் பார்த்துக்கொள்ளும். காலர், கை, பொத்தான் துளை என்று ஒரு சுற்று தடவினால் தொங்கும் நூலெல்லாம் உதிர்ந்துவிடும். ஒருமுறை பேருந்தில் முன்னால் நின்ற ஆளின் சட்டையிலும் கத்திரியை வைத்துவிட்டார். அவன் திரும்பி முறைத்தான். "கோச்சுக்காதீங்க தம்பி, கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

ஆயத்த ஆடை ஆலையில் அவருக்குக் கத்திரி அக்கா என்று பெயர். வயது ஐம்பத்திரண்டு. மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள். மாமியார் சண்டையோ மகனின் மதிப்பெண்ணோ, எதற்கும் அவரிடம் ஒரு நக்கல் தயாராக இருக்கும்.

இரண்டு வருடம் முன்பு ஆலைக்கு ஒரு மருத்துவ முகாம் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை. அறிவிப்புச் சீட்டை ஒலிபெருக்கியில் படிக்க வேண்டிய சூப்பர்வைசருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இஸ்திரிப் பக்கம் முழுக்க ஆண்கள். கர்ப்பப்பையை விழுங்கிவிட்டு 'வாய்ப் புற்றுநோய்' என்று மட்டும் படித்தார்.

"புகையிலையத் தொட்டதில்ல, பல்லு முப்பத்திரண்டும் பத்திரம். என் வாய்க்கு வர்ற நோய், பேச்சு தாங்காம ஓடிரும்" என்றார் கத்திரி அக்கா. மேசையே சிரித்தது. ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

மாதவிலக்கு நின்று மூன்று வருடமானபின் மறுபடி இரத்தம் பட்டது. உடம்புச் சூடு என்று தண்ணீரை நிறையக் குடித்தார். கறுப்புப் பாவாடையாகப் பார்த்து உடுத்தினார். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. இடுப்பு வலி உட்கார விடாதபோதுதான் மருத்துவமனைக்குப் போனார். அதற்குள் நோய் ஈரல் வரை பரவியிருந்தது.

டாக்டரம்மா காகிதத்தில் படம் வரைந்து, இதுதான் கர்ப்பப்பை வாய் என்று காட்டினார். கத்திரி அக்கா அந்தப் படத்தை விரலால் ஒரு சுற்று தடவினார்.

"இதுக்கும் வாய்னுதானா பேரு?"

இரண்டு வருடம் முன்பே பார்த்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாம், இனி வலிக்குத்தான் மருந்து என்றார் டாக்டர். வியாழக்கிழமை அதே ஆலையில் மறுபடி முகாம். "நாங்க சொன்னா வர மாட்டாங்கம்மா. உங்களுக்கு என்னன்னு நீங்க சொல்லுங்க, வருவாங்க." கத்திரி அக்கா தலையாட்டிவிட்டு வந்தார்.

புதன்கிழமை வேலைக்குப் போனார். பாதியாக இளைத்த உடம்பைப் பார்த்து மேசையில் கத்திரிகள் நின்றன. நாளைய முகாமை ஒலிபெருக்கி அறிவித்தது, அதே வெட்கத்தோடு, அதே பாதிப் பெயரில். பக்கத்து இருக்கைக்காரி, முப்பத்தைந்து வயது, ஒரு மாதமாக அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவள், மெல்லக் கேட்டாள்.

"என்னக்கா நோய்? எங்க வந்திருக்கு?"

சொல்லத்தான் நினைத்தார். அந்த நேரம் பார்த்து, பிசிர் வெட்டிய சட்டைகளை எடுக்க இஸ்திரிக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

கத்திரி அக்கா தலையைக் குனிந்துகொண்டு, விரலால் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.