பாண்டி தொடாத வளையம்

ஓசூரில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில்லை. "என்ன ஷிப்ட்?" என்றுதான் கேட்கிறார்கள். கோயில் வாசலில், காய்கறிச் சந்தையில், துக்க வீட்டில்கூட. வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. மனுஷன் நன்றாயிருக்கிறானா என்று கேட்க இவர்களுக்கு வாய் வராதா என்று நினைத்துக்கொள்வேன். இப்போது நானும் அப்படித்தான் கேட்கிறேன். எங்கள் கூடைப்பந்துக் கழகத்தின் சீனியர் அணியைத் திறமை பார்த்து எடுப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஷிப்ட் இல்லையோ அந்த ஐந்து பேர்தான் அணி. உயரமானவன் வேலையில் மாட்டிக்கொண்டால் குட்டையானவன் அவன் இடத்தில் நிற்பான். பெரியகுளத்தில் சொன்னால் சிரிப்பார்கள். நான் வளர்ந்த அந்த ஊரில் சாயங்காலம் ஆனால் கோர்ட்டைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். ஐந்து பேரில் ஒருவனாவதற்கு வருஷக்கணக்கில் பெஞ்சில் தவம் கிடக்க வேண்டும்.

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஞாயிறு காலையில் கழகத்தின் ஜூனியர் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், சம்பளம் இல்லாமல். பிள்ளைகளில் ஒருத்தி வீட்டில் தெலுங்கு, ஒருத்தன் வீட்டில் கன்னடம், மற்றவர்களுக்கு என்னைப்போல் வெளிமாவட்டத்துத் தமிழ். ஆரம்பத்தில் ஒரு பையன் "இவ்வு, இவ்வு" என்று கத்த, அடிபட்டுவிட்டதோ என்று பதறி விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன். பந்தைக் கொடு என்று தெலுங்கில் கேட்டிருக்கிறான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கோர்ட் கழகத்துக்குச் சொந்தமில்லை. பக்கத்துத் தொழிற்சாலை தன் மதிலுக்கு வெளியே சும்மா கிடந்த இடத்தில் சிமெண்ட் போட்டு, இரண்டு கம்பம் நட்டுக் கொடுத்தது. கொடுத்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்வதில்லை.

அந்தத் தொழிற்சாலையில்தான் பாண்டி வேலை பார்த்தான். பெரியகுளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவன் வீடு. பந்து நன்றாக ஆடுகிறவனுக்கு ஓசூரில் வேலை நிரந்தரமாகும் என்று யாரோ அவன் காதில் போட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் அப்படி நடந்ததும் உண்டு. இப்போது எல்லாம் காண்ட்ராக்டர் மூலமாகத்தான், எத்தனை பாஸ்கெட் போட்டாலும் காண்ட்ராக்ட் காண்ட்ராக்ட்தான் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க இருக்கீங்கள்லண்ணே" என்று சிரித்தபடி பையை என் வீட்டில் இறக்கிவைத்தான். ஆள் குட்டை, ஆனால் கை வேகம். எதிராளி பந்தைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அது இவன் கைக்கு வந்திருக்கும். எவ்வளவு எம்பினாலும் வலையின் நுனிதான் அவனுக்கு எட்டும்; வளையத்தை அவன் விரல் ஒருநாளும் தொட்டதில்லை. ஜூனியர் பிள்ளைகள் இதை வைத்தே அவனைக் கிண்டலடிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

அவனுக்குத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் வேலை. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்தினால்தான் மேல் பகுதி இறங்கும். கை உள்ளே இருக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. மேலே இருப்பவர்கள் கேட்கிற உற்பத்தி வரவேண்டுமென்றால் இது ஒத்துவராது. அதனால் ஒரு பட்டனை அழுத்திவைத்து டேப் சுற்றிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், மறு கை பீஸைத் தள்ளும். ஆடிட் நாளில் டேப்பைப் பிரிப்பார்கள். ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பச் சுற்றுவார்கள். ஒரு சனிக்கிழமை காலை ஷிப்டில் பாண்டியின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் காண்ட்ராக்டர் ஒரு கதையைத் தயார் செய்திருந்தார். மறுநாள் மேட்ச். அதற்குப் பயிற்சி எடுக்கும்போது பாண்டி எம்பி வளையத்தைப் பிடித்தானாம், கையில் போட்டிருந்த மோதிரம் வலைக் கொக்கியில் மாட்டிக்கொண்டதாம். கழகமும் இதையே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட் இருக்கும் இடத்தில் இனி லாரிதான் நிற்கும். மாலையிலேயே கழகத் தலைவர் அந்தோணி சார் எங்களைக் கூப்பிட்டார். டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். "இத்தன புள்ளைங்க இருக்குதுப்பா. இதுவும் போச்சின்னா எங்க போவாங்க, பைபாஸ்லயா ஆடுவாங்க?" என்றார். "நகத்தக்கூடப் பாத்துட்டுத்தான சார் உள்ள விடுறீங்க? மோதிரத்தோட யாரு ஆடுறா? அவன் உயரத்துக்கு வளையம் எட்டுமா?" என்று கத்தினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நமக்குத் தெரியுது. பந்து தெரியாதவங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

பாண்டி வாயைத் திறந்தால் எல்லாம் உடைந்துபோகும் என்று நம்பிப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "கோர்ட்லதான் போச்சுன்னு சொல்லிருங்கண்ணே. ஸ்டோர்ல உக்கார வேல தர்றேன்னு சொல்லிருக்காங்க. மெசினுன்னு சொன்னா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. அந்தப் புள்ளைகளுக்காச்சும் கோர்ட்டு இருக்கட்டும். இனி நானா ஆடப் போறேன்?" அவன் விரல், அவன் பிழைப்பு. அவனே கெஞ்சும்போது நான் என்ன சொல்ல? எழுந்து வந்துவிட்டேன்.

கழகமும் அந்தக் கதையையே சொன்னது. கோர்ட்டில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு பிள்ளைகளில் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு அதிலும் பாதி. ஜூனியரில் என் நல்ல ஆட்டக்காரி ரூபாவையும் காணோம். ஓசூரை அடுத்த உத்தனப்பள்ளியில் அவள் வீட்டுக்கே போனேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவள் அம்மா தக்காளிக் கூடைகளைத் தள்ளிவைத்துவிட்டு நாற்காலி போட்டார். "வேணாங்க சார். பொம்பளப் புள்ள. அந்தக் கம்பியில வெரலு போயிட்ச்சின்னா யாரு சார் கட்டிக்குவாங்க?" என்றார். "அந்த வளையம் ஒண்ணும் பண்ணாதும்மா" என்றேன். "அப்ப அந்தப் பையனுக்கு எப்படிப் போச்சி? நீங்கதான சார் சொன்னீங்க?" சொன்னது கழகம். அவருக்குக் கழகம் என்றால் விசிலோடு நிற்கிற நான்தான். டீ வந்தது, குடித்துவிட்டு எழுந்தேன்.

கட்டுப் பிரித்த கொஞ்ச நாளிலேயே ஸ்டோர் வேலையும் இல்லையென்றாகிவிட்டது. காண்ட்ராக்ட் முடிந்துவிட்டதாம். பாண்டி ஊருக்குப் போனான். பொங்கல் லீவில் நானும் போனேன். ஊர்ப் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கையைக் கெடுத்து அனுப்பியவன் என்ற பேர் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. நான் கோர்ட் ஓரம் போனதும் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஓசூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ பண்டிகைக்குப் பஸ் ஏறுகிற உங்களுக்கு அந்த மௌனம் தெரிந்திருக்கும். பாண்டி வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "ஏய்யா, எம்புள்ள வெரலப் பிச்ச வளையத்த இன்னமும் வச்சா வெளையாடுறீங்க?" என்று மட்டும் கேட்டார். அவருக்குப் பின்னால் கதவோரம் நின்ற பாண்டி, சொல்லாதீர்கள் என்று எனக்குத் தலையாட்டினான். "கழட்டியாச்சு சித்தி" என்றேன். "நல்ல காரியம் பண்ணுனய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்த ஞாயிறு, ஏணியைக் கம்பத்தில் சாத்தி, ஸ்பேனரோடு ஏறினேன். அந்தத் தாயிடம் சொன்னதையாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்ற வெறி. முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டும்போது கீழே ரூபா வந்து நின்றாள். அவள் அப்பாவுக்கு அவர் கம்பெனியில் கொடுத்த பருத்திக் கையுறை இரண்டு கையிலும். அவளுக்கு அது பெரிது. விரல் நுனிகள் வெறுமையாகத் துவண்டு தொங்கின.

"அம்மா இத்த போட்டுக்கினு ஆடுன்னாங்க சார். கேம் இருக்குதில்ல?"

கழற்றினால் பெரியகுளத்தில் நான் சொன்ன சொல் நிற்கும். விட்டால் இவளுக்கு ஆட்டம் இருக்கும். ஏணியின் உச்சியில், இறங்கவும் முடியாமல் திருகவும் முடியாமல் நின்றேன்.

"இருக்கும்மா" என்றேன். ஸ்பேனர் போல்ட்டிலேயே இருந்தது.