வசந்தா மட்டும் பார்க்காத கெசட்

வீடியோ கெசட்டை உள்ளே தள்ளினால் முதலில் ஒரு 'டொக்'. பிறகு டெக் அதைக் கிர்ரென்று இழுத்துக்கொள்ளும். திரையில் கொஞ்ச நேரம் புள்ளி மழை பெய்யும்... அவ்வளவுதான், எங்கள் லயமே வாயைப் பொத்திக்கொள்ளும்.

பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டம். தொண்ணூறுகளின் கடைசி.

எங்கள் லயத்தில் டீவியும் டெக்கும் இருந்த ஒரே வீடு ராசம்மா பெரியம்மாவுடையது. பெரியம்மா என்றால் சொந்தம் இல்லை, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஓடும் லயத்து வீடுகளில் பக்கத்துக் காம்பரா. அவருடைய மகள் வசந்தா குவைத்தில் வீட்டு வேலை செய்து, அந்தக் காசில் வாங்கச் சொன்ன டீவி அது. வசந்தா என் கூட்டாளி. ஒன்றாகப் படித்தோம், ஒன்றாகவே பெயிலானோம். அவள் பிளேன் ஏறினாள், நான் பதுளையில் தையல் கிளாசுக்குப் போனேன்.

"டவுனுக்குப் போறவ தானே, நீயே நல்ல படமா பாத்து எடுத்துட்டு வா புள்ள" என்று பெரியம்மா சொல்ல, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

லேசான வேலை என்று நினைக்காதீர்கள்! கெசட் கடை முதலாளிக்கு எல்லாப் படத்துக்கும் ஒரே பாட்டுத்தான். "சூப்பர் படம் தங்கச்சி, கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், தியேட்டரில் கள்ளத்தனமாகக் கேமராவில் பிடித்த கொப்பிதான் வரும். கதாநாயகி கதறி அழும் நேரம் பார்த்து எவனோ எழுந்து பாத்ரூம் போவான்... அவன் மண்டைதான் தெரியும். நானா விடுவேன்? கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்வேன். என்னைக் கண்டாலே அந்த மனுசனுக்குத் தலைவலி வந்துவிடும்.

பொடியன்களுக்குச் சண்டை வேண்டும். பெண்களுக்கு அழுகை வேண்டும். பெரியம்மாவுக்கு மட்டும் எந்தப் படமானாலும் சரி.

ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எப்பேர்ப்பட்ட புதுப்படம் வந்தாலும், முதலில் அவருடைய மூத்த மகனின் கல்யாணக் கெசட் ஓட வேண்டும். முழுக்க இல்லை, வசந்தா வரும் இடம் மட்டும். குவைத் போவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன்னால் நடந்த கல்யாணம் அது. பச்சைத் தாவணியில், கையில் பன்னீர்ச் செம்போடு நிற்பாள். கேமரா கிட்டப் போனதும் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, "அண்ணே, என்னைய ஏன் எடுக்குறீங்க? போயி பொண்ண எடுங்க!" என்று சிரிப்பாள்.

அவ்வளவுதான். பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ம்... இப்ப படத்தப் போடுங்க" என்பார்.

ஸ்டூடியோக்காரர் பாட்டெல்லாம் சேர்த்துக் கெசட்டைக் கொடுப்பதற்குள் வசந்தா போய்விட்டாள். லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடமான காட்சியை அவள் மட்டும் பார்த்ததில்லை. தோட்டத்துக் கடைக்கு டெலிபோன் எடுக்கும்போதெல்லாம், "நான் வந்தா மொதல்ல அதத்தான்டி பாக்கணும்" என்பாள்.

அந்த வருசம் மழை பிடித்தது பாருங்கள்... துணி காயவில்லை, விறகு காயவில்லை, பனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. மேல் லயத்தில் யாருடைய கெசட்டோ வெள்ளையாகப் பூசணம் பிடித்துப் போனதாகக் கதை வந்தது. பெரியம்மாவுக்கு உடனே கல்யாணக் கெசட்டின் நினைப்புத்தான்.

எங்கள் பக்கத்தில் நமத்துப் போகக் கூடாத எல்லாவற்றுக்கும் இடம் ஒன்றுதான். உப்பு, நெருப்புப்பெட்டி, கருவாடு... எல்லாம் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில்தான் இருக்கும். பெரியம்மாவும் கெசட்டைத் துணியில் சுற்றி அங்கேயே வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நான் கொண்டுவந்தது, வாரக்கணக்காக முதலாளியை நச்சரித்து வாங்கிய புதுப்படம். வாசல் இஸ்தோப்பு வரைக்கும் சனம். வழக்கம்போல முதலில் கல்யாணக் கெசட்டைப் போட்டோம்.

படம் இழுபட்டது. ஆட்கள் எல்லாம் கோடு கோடாக நெளிந்தார்கள். வசந்தா வரும் இடம் வந்தது... முகம் இல்லை. பச்சையாக ஏதோ ஒன்று வழிந்து ஓடியது. குரல் மட்டும், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "அண்ணே... என்னைய ஏன்..."

நான் பஞ்சில் ஓடிகொலோன் சென்ட் தொட்டு டெக்கின் ஹெட்டைத் துடைத்துப் பார்த்தேன். திரும்பவும் போட்டேன். அதே கோடுகள்.

"மழைக்கு நல்லதுன்னு தானே வச்சேன்..." பெரியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ள மொகத்த நானே சுட்டுப்புட்டேனே!"

எப்போதும் "படத்தப் போடுங்க, படத்தப் போடுங்க" என்று கத்தும் பொடியன்கள் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவரேதான், "போடு புள்ள, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். போட்டேன். அந்தப் படத்தின் கதை என்னவென்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது.

வசந்தா திரும்பி வர வருசங்கள் ஆயின. அதற்குள் டிவிடி வந்து, டெக் மூலைக்குப் போய்விட்டது. பெட்டியை இறக்கியதும் அவள் கேட்டது கெசட்டைத்தான். பெரியம்மா நடந்ததை அழுதுகொண்டே சொன்னார். "விடும்மா, அண்ணன் கல்யாணத்த நேர்லயே பாத்தவ தானே நான்" என்று அவள் சிரித்துவிட்டாள்.

இப்போது பெரியம்மா இல்லை. வசந்தா பசறையில் இருக்கிறாள். போனைத் தட்டினால் நேற்று வந்த படம் கண்ணாடி மாதிரி ஓடுகிறது, எவன் தலையும் குறுக்கே வருவதில்லை. ஆனால் பத்து நிமிசத்துக்கு மேல் எதையும் பார்க்கப் பொறுமை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மனசு ஏங்குகிறது, உண்மையாகவே ஏங்குகிறது.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் போனில் ஏதோ ஒரு புதுப்படம் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினாள்.

"ஏன்டி... அந்தக் கெசட்ல நான் எப்படிடி இருந்தேன்?"

இத்தனை வருசத்தில் முதல் தடவையாகக் கேட்கிறாள்! நான் சொன்னேன். பச்சைத் தாவணி, பன்னீர்ச் செம்பு, காதோரம் வழுக்கி விழுந்த கனகாம்பரம், முகத்தை மூடியும் விரலிடுக்கில் தெரிந்த பல்லு...

"கொழுப்பெடுத்தவ மாதிரி சிரிச்ச."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... ஒங்கம்மா அழும். நாங்க படத்தப் போடுவோம்."

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னொருக்கா சொல்லுடி" என்றாள்.

முதலிலிருந்து சொன்னேன்.