கிறீச்சுன்னா என்னையத்தான் கூப்பிடுவாக

சைக்கிளு ரிப்பேரு பாக்குறவன் காதைத்தான் தொறக்கணும், வாயைத் தொறக்கக் கூடாதாம். எங்க கடை ஓனரு செல்வண்ணே தெனமும் எனக்கு ஓதுறது இதைத்தான். காலேஜு விட்டதும் அருப்புக்கோட்டையில அவரு கடைக்குத்தான் ஓடுறேன். ட்ரெய்னரு கேசு பூராம் என் தலையில. ட்ரெய்னருன்னா, சைக்கிளோட பின் வீலை மாட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே நின்ன எடத்துல மிதிக்கிற ஸ்டாண்டு. ரோட்டுல காத்தோட காத்தா போயிர்ற கிறீச்சு, நாலு செவத்துக்குள்ள உசுர வாங்கும். உங்க வீட்டுலயும் ஒண்ணு கத்துதா? அப்ப நீங்களும் நம்ம கட்சிதான்.

தேக்கு

மல்லாங்கிணறுல ஒரு வாத்தியாரு, "பெடல்ல சத்தம்"னு போனு போட்டாரு. பஸ்ஸு ஏறிப் போயி பெடலைக் கழட்டி, மரையைத் தொடச்சு, கிரீஸு வச்சு இறுக்குனேன். கிறீச். செயினுக்கு எண்ணெய் விட்டேன். கிறீச். எரிச்சல்ல குனிஞ்சு பாத்தா, தரையில கீறல் விழுகக் கூடாதுன்னு ட்ரெய்னரை ஒரு பழைய கதவு மேல தூக்கி வச்சிருக்காரு மனுசன்! கீலு கூடக் கழட்டல. கதவை உருவுனேன், சத்தம் போச்சு. "சைக்கிளு சும்மாத்தான் சார் இருக்கு, கத்துறது உங்க கதவு"ன்னேன். அவரு விடுவாரா?

"தம்பி, அது தேக்கு. தேக்கு கத்தாது. நீ சைக்கிளை ஒழுங்காப் பாரு."

எந்திரிச்சு மிதிங்க

ஜபருல்லா அண்ணே சவுதியில சாரத்துல இருந்து விழுந்து, முட்டியில ஆபரேசன் ஆகி வந்தவரு. தெனமும் மிதிச்சாத்தான் முட்டி மடங்கும். மடங்குனாத்தான் மெடிக்கல் டெஸ்டுல பாஸாகி சவுதிக்குத் திரும்பப் போக முடியும். குடியிருக்கிறது மாடி. கீழ இருக்குற வீட்டு ஓனரு, "இந்த வாரத்துக்குள்ள சத்தம் நிக்கணும், இல்லாட்டி மிசினு வெளிய போகணும்"னுட்டாரு.

நான் போயி பெடலு, செயினு, நடு அச்சு எல்லாத்தையும் பாத்தேன். நிக்கல. உக்காந்து மிதிக்கையில சத்தம் வந்து, எந்திரிச்சு மிதிக்கையில வரலேன்னா கோளாறு சீட்டுப் பக்கம். இதான் கணக்கு. கடுப்புல, "எந்திரிச்சு மிதிங்கண்ணே! சும்மா சும்மா உக்காந்துக்கிட்டே இருந்தா நான் என்னத்தக் கண்டுபிடிக்க?"ன்னு கத்திட்டேன். அவரு ஹேண்டில்பாரைப் புடிச்சு எம்பிப் பாத்தாரு. முடியல. வேர்த்துக் கொட்டுது.

"ஏலே, எந்திரிச்சு நிக்க முடிஞ்சா நான் எதுக்குல இதுல ஏறி உக்காந்திருக்கேன்?"

ஒரு வாளித் தண்ணி

ரெண்டு நாளு கழிச்சு மறுபடி போனா, அவரு சம்சாரம் பாத்திமா மதினி சைக்கிளைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காக! வேர்வை நாத்தம் அடிக்குதாம், தெனமும் சீட்டோட ஒரு வாளி ஊத்திருவாகளாம். நம்மூரு போர்த்தண்ணி சங்கதி உங்களுக்கே தெரியும், வாளியிலயே வெள்ளை வெள்ளையா உப்புப் படியும். "மதினி, இது என்ன எருமையா?"ன்னு கேட்டேன். மொறைச்சாக.

சீட்டுக் கம்பியை உருவுனேன். வரல. ரெண்டு தட்டுத் தட்டித் திருகுனதும் வந்துச்சு, உள்ள பூராம் உப்பு. காஞ்ச துணியால தொடச்சு, கிரீஸு தடவி, இறுக்கி மாட்டுனேன். அண்ணே ஏறி மிதிச்சாரு. மேல ஓடுற ஃபேன் சத்தம் மட்டுந்தான். கீழ் வீட்டுல இருந்தும் மூச்சுப் பேச்சு இல்ல. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறேன், அடுப்படியில இருந்து மதினி கரண்டியோட ஓடியாராக.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? நான் அடுப்படியில நின்னுக்கிட்டு, இந்த மனுசன் மிதிக்கிறாரா இல்ல செல்லு பாக்குறாரான்னு அதை வச்சுத்தான் கண்டுக்கிருவேன். கீழ கேக்காம, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி லேசா ஒண்ணு வச்சுக் குடுத்துட்டுப் போ!"

சத்தத்தை நிப்பாட்டத்தான் நான் தொழில் கத்துக்கிட்டேன், யாரு காதுக்கு எவ்வளவு வேணும்னு அளந்து வைக்கிறதுக்கு எந்தக் காலேஜுலயும் பாடம் கெடையாது.