மீன் குழம்புக்காகக் கோபித்துக்கொண்ட தாய்மாமன்

போன ஞாயிற்றுக்கிழமை, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு விசேஷ வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பந்தல் நிறைய ஜனம் பார்க்க, தாய்மாமன் கோபம்!

எதற்கு? மாலைக்கா? மரியாதைக்கா? ஓர் அண்டா மீன் குழம்புக்கு!

சிரிக்காதீர்கள்... சரி, சிரியுங்கள். நானே அன்றிலிருந்து சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தங்கச்சியைச் சிறுவாச்சூருக்குப் பக்கத்தில் கொடுத்திருக்கிறோம். பருத்தி வெள்ளாமை செய்கிற குடும்பம். அவள் பெண் குழந்தைக்குக் காதுகுத்து. பெரம்பலூரில் பஸ் ஏறிப் போய் இறங்கினேன் — கையில் சீர்த்தட்டு, மனசில் வழக்கம்போல நூறு கவலை. ஊசி துருப்பிடித்திருக்குமோ? காது சீழ் வைக்குமோ? தோட்டின் திருகாணி கழன்று குழந்தை வாயில் போட்டுக்கொள்ளுமோ? எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மேலே படித்திருந்தால் இன்னும் எதற்கெல்லாம் பயந்திருப்பேனோ!

பந்தலில் நுழைந்ததுமே மீன் வாசனை. சாம்பார், வடை, பாயசம் என்றுதானே சொன்னார்கள்?

"எல்லாம் கொலசாமி குடுத்ததுங்க தம்பி!" தங்கச்சியின் மாமியாருக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. "விடியக்காலம் மாடு ஓட்டிக்கிட்டுப் போறேன், குட்டையில அம்புட்டு மீனு, தானா மெதக்குது! வலை இல்ல, தூண்டி இல்ல. கூடையில அள்ளிக்கிட்டு வந்துட்டோம்."

தானாக மிதக்கிற மீன்! நம் வீட்டுக் காதுகுத்து மீனுக்கு எப்படித் தெரியும்?

கொல்லைப் பக்கம் போனேன். வேலியில் நாலு தகர டப்பாக்கள் பளபளவென்று கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் வயிற்றில் மண்டை ஓடு, கீழே குறுக்காக இரண்டு எலும்பு.

தங்கச்சி வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். "இது என்ன மாப்ள?"

"பருத்திக்கு அடிச்ச மருந்து டப்பாங்க மச்சான். மூடி எவ்ளோ இறுக்கமா இருக்கு பாருங்க! எண்ணெ ஊத்தி வெக்கலாம்னு கழுவிக் கவுத்துருக்கேன். நீங்க வந்தா பயப்படுவீங்கன்னுதான் புளியும் சாம்பலும் போட்டு மூணு தடவ தேச்சேன்."

"எங்க வெச்சுத் தேச்சீங்க?"

"நேத்து சாயங்காலம், நம்ம குட்டையிலதான். ஸ்பிரேயரையும் அங்கயே அலசிட்டேன்."

சுத்தம் என்றால் இதுவல்லவா சுத்தம்! டப்பாவில் ஒட்டியிருந்த விஷத்தை ஒரு சொட்டு விடாமல் குட்டைக்குக் கொடுத்துவிட்டார் மனுஷன்.

"மாப்ள, அந்தக் கொழம்பக் கொட்டுங்க! மீன் மருந்துல செத்துருக்கு!"

"அட நீங்க வேற! மருந்து பூச்சிக்குத்தாங்க. நல்லா தளதளன்னு கொதிச்சா எல்லாம் போயிடும்."

அவருடைய சித்தப்பா ஒருவர் பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னார்: "விடுறா, உன் மச்சான் பஸ்ஸு ஏறுறதுக்கு முன்னாடி நாலு டயரையும் தட்டிப் பாக்குறவராச்சே!"

பந்தலே சிரித்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவனுடைய பயத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்?

அதற்குள் ஆசாரி வந்து ஊசியை எடுத்து வைத்துவிட்டார். "மாமன் வாங்க! புள்ளைய மடியில வெக்கணும்."

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? நேரே போய்ப் பந்தல் ஓரத்து பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கொழம்பக் கொட்டுனாதான் பலகையில உக்காருவேன்!"

பந்தல் பதறிப்போனது. குழம்பைப் பற்றி அல்ல — மாமன் கோபத்தைப் பற்றி! தாய்மாமன் கோபித்தால் எங்கோ மரியாதையில் குறை வைத்துவிட்டோம் என்றுதானே அர்த்தம்? ஓடி வந்து ஒரு மாலை போட்டார்கள். நான் அசையவில்லை. இன்னொரு மாலை. கலர் சோடா வந்தது. மேளக்காரர் என் காதருகே வந்து தனியாக வாசித்தார்.

"மீன்... அந்த மீன்..." என்று நான் கத்துகிறேன்.

சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது! "அடடா, இதானா சங்கதி? மச்சானுக்குத் தனியா எலை போடுங்கப்பா! தலைத்துண்டு எல்லாம் அவருக்குத்தான்!"

கழுத்தில் இரண்டு மாலையோடு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான்.

கடைசியில் தங்கச்சி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு. என் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணே, எப்பவும் படுற பயமா? நெசப் பயமா?"

"நெசப் பயம்மா."

வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க டப்பா கழுவுன எடத்துலயா மீன் மெதந்துச்சு?"

மாப்பிள்ளை குட்டை இருக்கிற பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்த ஓரத்துலதான்..."

"புள்ளைக்கு மொத வாய் ஊட்டணும்னு உங்கம்மா முள்ளெடுத்து வெச்சிருக்காங்க. தெரியுமா?"

அவ்வளவுதான்! மாமியார் கையிலிருந்த கிண்ணம் கீழே விழுந்தது. மாப்பிள்ளையே அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார், சித்தப்பா மறு காதைப் பிடித்தார். கொல்லைக் கோடியில் இடுப்பளவு குழி. குழம்பும் உள்ளே, மிச்ச மீனும் உள்ளே. டப்பாக்களைக் கடப்பாரையால் குத்தி, இனி எதற்கும் ஆகாதபடி நசுக்கிவிட்டார்கள்.

காதுகுத்து ஜோராக நடந்தது. குழந்தை வீறிட்டது. அதைவிடச் சத்தமாக நான் வீறிட்டேன்.

பந்தியில் ரசம் ஊற்றினார்கள். எல்லோரும் முதல் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து நான் கேட்டேன்: "மாப்ள, ரசத்துக்குத் தண்ணி எங்கேருந்து?"

அந்த வரிசை முழுக்கக் கைகள் அப்படியே நின்றன.

"கெணத்துத் தண்ணிங்க மச்சான்! குட்டைக்கும் அதுக்கும் அரை மைலு இருக்கு. தின்னுட்டு எந்திரிங்க!"

சாப்பிட்ட கையோடு வேலமுள் வெட்டி, மாடு கன்று இறங்காதபடி குட்டையைச் சுற்றி அடைத்தோம். முள்ளை இழுத்துக்கொண்டே யோசித்தேன். பூச்சிக்கென்று வாங்குகிறோம், பூச்சிக்கென்று அடிக்கிறோம். அதுவோ டப்பாவில் ஏறி, குட்டையில் இறங்கி, மீனில் புகுந்து, குழம்பில் கொதித்தும் போகாமல், நம் பிள்ளையின் வாய் வரைக்கும் வந்து நிற்கிறது. டிக்கெட் வாங்காமல் இவ்வளவு தூரம் பிரயாணம்!

நேற்று தங்கச்சி டவுனுக்கு வந்திருந்தாள்.

"அவரு டீக்கடை டீக்கடையா ஏறி எறங்குறாரு அண்ணே. டப்பாவத் தண்ணியில கழுவாதீங்க, மெதக்குற மீன அள்ளாதீங்கன்னு ஊரெல்லாம் ஒரே பிரசங்கம்."

"நல்ல காரியம்தானே!"

"நல்ல காரியந்தான்..." அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மீனப் பாத்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சாம். அவருதான் கொட்டச் சொன்னாராம். நீ தலைத்துண்டு கேட்டு அடம்புடிச்சியாம்!"

சொல்லட்டுமே... இன்னும் நாலு குட்டைக்காவது இந்தக் கதை போய்ச் சேரும் என்றால், அண்டாவையே கேட்டேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளட்டும்!